'க்ரொவல்' என்ற ஆங்கிலச் சொல் கிராவல் மண்ணிலிருந்து வந்ததா?

மணிமுத்தாறு

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பிய வாக்குவாதம் இது. மேலதிகாரியிடம் ஒருவர் அளவுக்கு மீறிக் குழைந்துகொண்டிருந்தார். அவர் போனதும் பக்கத்து மேசைக்காரர் "இப்படியா க்ரொவல் பண்ணுவது?" என்றார். உடனே இன்னொருவர் விளக்கம் கொடுத்தார்: கிராவல் என்றால் சரளை, காலில் விழுகிறவன் சரளையில் விழுகிறான், அதனால் க்ரொவல். சாலைக்குக் கிராவல் மண் அடிப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது சட்டென்று பொருந்திவிட்டது. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் சந்தேகம் போகவில்லை. இவ்வளவு சுலபமாக இருந்தால் அது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குறும்பன்

கிராவல் லாரி உரிமையாளர் முன்னால் ஊரே க்ரொவல் பண்ணும். சம்பந்தம் இல்லாமலா?

சொல்லகழ்வான்

மணிமுத்தாறு, உங்கள் சந்தேகம் சரி. இரண்டும் வேறு வேறு குடும்பம். கிராவல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே 'க்ராவ்' என்றால் மணல், கடற்கரை. அதன் சிறு வடிவம் 'க்ராவெல்'. க்ரொவலோ வடக்கிலிருந்து, வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. பழைய நார்ஸில் 'ஆ க்ரூஃபு' என்று ஒரு தொடர் உண்டு. குப்புற, முகம் தரையில் பட என்று பொருள். அவ்வளவுதான். அதில் பணிவும் இல்லை, அவமானமும் இல்லை. தூங்குகிறவனும் அப்படிக் கிடக்கலாம், குடித்து விழுந்தவனும் கிடக்கலாம்.

இந்த 'க்ரூஃப்' இங்கிலாந்துக்கு வந்து 'க்ரஃப்' ஆனது. அதோடு 'லிங்' என்ற ஒட்டைச் சேர்த்து 'க்ரொவ்லிங்' என்றார்கள். இங்கேதான் விஷயமே இருக்கிறது. அது வினைச்சொல் அல்ல, வினையடை. குப்புற என்பது எப்படியோ அப்படி. 'அவன் க்ரொவ்லிங் கிடந்தான்' என்றால் குப்புறக் கிடந்தான்.

கொஞ்ச காலத்தில் அந்த 'லிங்' ஒட்டு வழக்கொழிந்துபோனது. பின்னால் வந்தவர்கள் 'க்ரொவ்லிங்' என்பதைப் பார்த்து, இது வாக்கிங், டாக்கிங் மாதிரி 'இங்' விகுதி சேர்ந்த வினை என்று நினைத்துக்கொண்டார்கள். வாக்கிங்கில் 'இங்' போனால் வாக். அப்படியானால் க்ரொவ்லிங்கில் 'இங்' போனால் க்ரொவல்! அதுவரை இல்லாத ஒரு வினைச்சொல் பிறந்துவிட்டது. 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் எழுத்தில் தென்படுகிறது.

மணிமுத்தாறு

அப்படியென்றால் தப்பாகப் பிரித்ததால் பிறந்த வார்த்தையா? இதற்கு வேறு உதாரணம் உண்டா, அல்லது இது ஒன்றுதானா?

சொல்லகழ்வான்

நிறைய. அதே 'லிங்' ஒட்டை இப்படிப் பிரித்ததிலேயே இன்னும் இரண்டு பிறந்தன. 'சைட்லிங்' என்றால் பக்கவாட்டில். அதிலிருந்து 'சைடில்', அதாவது நைசாக ஒருக்களித்து நகர்வது. 'டார்க்லிங்' என்றால் இருட்டில். அதிலிருந்து 'டார்க்கில்'. இது பெரிதாகப் புழங்கவில்லை, கவிதைக்காரர்கள் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 'ஹெட்லாங்' இருக்கிறதே, தலைகுப்புற என்பது, அதுவும் முதலில் 'ஹெட்லிங்'தான். லிங் புரியாமல் போனதும் மக்கள் தெரிந்த சொல்லான லாங்கை மாட்டிவிட்டார்கள். ஒட்டு ஒன்றுதான். ஒரு இடத்தில் வெட்டினார்கள், இன்னொரு இடத்தில் மாற்றினார்கள்.

வேறு வகையிலும் உண்டு. 'எடிட்டர்' முதலில் வந்தது, 'எடிட்' பிறகு. 'பெட்லர்' என்ற தெருவியாபாரி முதலில், 'பெடில்' பிறகு. பட்டாணி முதலில் 'பீஸ்'. அது பன்மை என்று நினைத்து 'பீ' என்று ஒருமை செய்தார்கள்.

ஒரு எச்சரிக்கை: டக்லிங், டார்லிங், அண்டர்லிங் எல்லாம் வேறு லிங். அது பெயர்ச்சொல் ஒட்டு. குட்டி, சின்னது, கீழானது என்ற பொருள் தரும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

தமிழ்வேர்

இவ்வளவு சுற்று எதற்கு? கவிழ் என்ற தமிழ்ச்சொல்தான் க்ரொவல். க, வ, ல/ழ மூன்று மெய்யும் அப்படியே இருக்கின்றன. பொருளும் அப்படியே: முகம் கவிழ்ந்து கிடத்தல். நடுவில் ஒரு ர ஒலி புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். கடலோடிகள் வழியாகப் போயிருக்கும். ஆங்கில அகராதிக்காரர்கள் தமிழைப் பார்ப்பதே இல்லை என்பது தெரிந்ததுதானே.

சொல்லகழ்வான்

ஐயா, உங்கள் ஆர்வத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒலி ஒத்துப்போவது முதல் படிகூட அல்ல. இரண்டு மொழிகளில் ஆயிரக்கணக்கான சொற்கள் இருக்கும்போது சில ஒத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கட்டுமரம் 'கட்டமரான்' ஆனதை எப்படி நம்புகிறோம்? வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி ஓட்டும் மிதவையை இந்தப் பெயரில் எழுதியிருக்கிறார். பொருள் இருக்கிறது, இடம் இருக்கிறது, கொண்டுபோன ஆள் இருக்கிறார், ஆண்டு இருக்கிறது. சுருட்டு, மிளகுத்தண்ணி இவற்றுக்கும் அப்படிச் சங்கிலி காட்ட முடியும்.

கவிழுக்கு அப்படி ஒரு கண்ணி காட்டுங்கள். இந்தப் பக்கத்தில் 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'க்ரஃப்' இருக்கிறது, ஸ்காட்லாந்துப் பேச்சில் 'க்ரூஃப்' இருக்கிறது, நார்ஸில் மூலம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் ல ஒலி அந்த மூலத்தில் கிடையாது. அது 'லிங்' ஒட்டிலிருந்து வந்த ல. அதை எடுத்துவிட்டால் உங்கள் மூன்று மெய்யில் ஒன்று கழிந்துவிடுகிறது.

தமிழ்வேர்

எழுத்தில் இல்லாதது நடக்கவில்லை என்று ஆகாது.

குறும்பன்

நடந்தது என்றும் ஆகாது. சரி, மேலே போவோம், சுவாரசியமாகத்தான் இருக்கிறது.

வடகடல்

நான் நார்வேயின் பேர்கனில் இருக்கிறேன், சொந்த ஊர் பருத்தித்துறை. நார்ஸ் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். 'ஆ க்ரூஃபு' செத்துப்போன தொடர் இல்லை. ஐஸ்லாந்துக்காரர் இப்பவும் குப்புறப் படுத்திருக்கிறதுக்கு அந்தத் தொடரைத்தான் சொல்லுவினம். குழந்தை குப்புறப் படுத்திருக்கு, கடற்கரையில் ஒருவர் முதுகில் வெயில் பட குப்புறக் கிடக்கிறார், எல்லாத்துக்கும் அதுதான். கேட்கிறவருக்கு அடிமைத்தனம் ஞாபகத்துக்கு வராது. ஆயிரம் வருசமாக அந்தச் சொல் அவையளிட்டை வெறும் படுக்கை நிலைதான். கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போனது மட்டும்தான் கெட்டுப்போச்சு.

வைக்கிங் சொற்கள் ஆங்கிலத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கெண்டு நிறையப் பேருக்குத் தெரியாது. ஸ்கை, எக், நைஃப், விண்டோ, ஹஸ்பண்ட், அக்லி, டேக் எல்லாம் அங்கேயிருந்து வந்தவை. 'தே' என்ற 'அவர்கள்' கூட. பக்கத்து வீட்டுக்காரரிடம் சட்டி கேட்டு வாங்கலாம், 'அவர்கள்' என்ற சொல்லை யாரும் கேட்டு வாங்க மாட்டினம். அப்படி வாங்கினால் இரண்டு பகுதியும் ஒரே ஊரில் கலியாணம் கட்டிக் கலந்து வாழ்ந்திருக்கெண்டு அர்த்தம். யோர்க் பகுதியில் அப்படித்தான் இருந்தது. விட்பி, க்ரிம்ஸ்பி என்று 'பி'யில் முடியிற ஊர்ப்பெயர் எல்லாம் அவையள் குடியிருந்த தடம்.

செவ்வந்தி

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். படுக்கை நிலையாக இருந்த சொல் எப்போது கெட்டுப்போனது என்று வடகடல் அண்ணன் கிளப்பிவிட்டார். அதைப் பாடல்களிலேயே பார்க்கலாம்.

முதலில் கவிஞர் சாஸர், 14ஆம் நூற்றாண்டின் கடைசி. கேன்டர்பரி கதைகளில் மாவீரன் சொல்லும் கதை. ஏதென்ஸ் தலைவன் தீசியஸ் வெற்றியோடு ஊர் திரும்புகிறான். வழியில் கறுப்பு உடுத்திய பெண்கள், இருவர் இருவராக மண்டியிட்டிருக்கிறார்கள். தீப்ஸ் போரில் கணவனை இழந்தவர்கள். பிணங்களை எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று தீப்ஸை ஆளும் கிரியோன் தடுத்துவிட்டான். அவர்கள் 'க்ரஃப்' விழுந்து கதறினார்கள் என்கிறார் சாஸர். குப்புற விழுந்தார்கள். இதில் கேவலமாக ஏதாவது இருக்கிறதா? இல்லை. தீசியஸ் குதிரையிலிருந்து இறங்கி, அவர்களைத் தன் கையால் தூக்கி, ஊருக்குள்கூடப் போகாமல் கிரியோனை நோக்கிப் படையைத் திருப்புகிறான். விழுந்ததற்குப் பலன் கிடைக்கிறது. சாஸர் அவர்களைப் பார்த்து ஒரு இடத்திலும் முகம் சுளிக்கவில்லை.

அதே நூலில் கன்னிமாடத் தலைவி சொல்லும் கதையிலும் ஒரு மடாதிபதி அதிசயம் ஒன்றைப் பார்த்துவிட்டு 'க்ரஃப்' விழுகிறார். அங்கே அது பக்தி.

அடுத்து ஷேக்ஸ்பியர். 'ஜான் மன்னன்' நாடகத்தில் போர்க்களத்தில் பல விதவைகளின் கணவர்கள் க்ரொவ்லிங் கிடக்கிறார்கள், நிறம் மாறிய மண்ணைத் தழுவியபடி. இறந்தவர்கள். பிணம் யாரிடம் கெஞ்சும்? இது பழைய வினையடை பிழைத்திருக்கும் இடம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

'ஆறாம் ஹென்றி' இரண்டாம் பாகம்தான் முக்கியம். சொல்லகழ்வான் சார் சொன்ன புது வினை அங்கே வருகிறது. க்ளாஸ்டர் பிரபுவின் மனைவி எலினோர் பேராசைக்காரி. தரையைப் பார்த்தபடி யோசிக்கும் கணவனைச் சீண்டுகிறாள்: தரையில் என்ன தெரிகிறது, மன்னன் ஹென்றியின் கிரீடமா? அப்படியானால் பார்த்துக்கொண்டே இரு, அது உன் தலையில் ஏறும்வரை முகம் குப்புறக் கிட என்கிறாள். சொல் இன்னும் உடலைத்தான் குறிக்கிறது. ஆனால் அவள் வாயிலிருந்து வரும்போது அதில் ஒரு இளக்காரம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதே நாடகத்தில் கொஞ்சம் தள்ளி ஒரு சூனியக்காரியைத் தரையில் குப்புறப் படுக்கச் சொல்லும் இடத்திலும் அதே வினை. அங்கே இளக்காரம் இல்லை, அது சடங்கு.

மில்டன் 1667இல் 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்தில், ஏவாளை ஏமாற்றிய பாம்புக்குக் கடவுள் கொடுக்கும் சாபத்தில் இதைப் பயன்படுத்துகிறார்: வயிற்றால் க்ரொவ்லிங் போவாய் என்று. நரகத்து நெருப்பு ஏரியில் விழுந்து கிடக்கும் கலகத் தேவதைகளுக்கும் இதே சொல். விழுந்தவன் தோற்றவன், சபிக்கப்பட்டவன் என்ற பொருள் அங்கே அழுத்தமாகிவிட்டது. 1755இல் ஜான்சன் அகராதி எழுதும்போது இரண்டு பொருளையும் கொடுக்கிறார்: தரையோடு தரையாகக் கிடப்பது, மானம் இல்லாமல் தாழ்ந்து இருப்பது.

மணிமுத்தாறு

அக்கா, அருமை. 'டார்க்லிங்' பற்றி ஒரு கேள்வி. கீட்ஸின் குயில் கவிதையில் வருவது அதுதானே?

செவ்வந்தி

நைட்டிங்கேல் நம் குயில் இல்லை, ஆனால் கவிதை அதுதான். 1819. 'இருட்டில் நின்று கேட்கிறேன்' என்பதற்கு டார்க்லிங். பழைய வினையடையாகவே பயன்படுத்துகிறார். மில்டனும் பறவை இருளில் பாடுவதற்கு அதையே எழுதினார், கீட்ஸ் அங்கேயிருந்து எடுத்திருப்பார். பின்னால் கவிஞர் ஹார்டி வரும்போது 'டார்க்லிங் த்ரஷ்' என்று பறவைக்கே அடைமொழியாகிவிட்டது. க்ரொவலுக்கு நடந்த அதே நழுவல், கொஞ்சம் கௌரவமாக.

சேப்பாக்கம் சீனியர்

இவ்வளவு பேர் எழுதியும் டோனி கிரெக் பெயர் வரவில்லை! எங்கள் தலைமுறைக்கு இந்த ஆங்கிலச் சொல்லை அறிமுகப்படுத்தியதே அவர்தான். அகராதி எடுத்துப் பார்த்தது அப்போதுதான்.

1976, ஜூன். மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கிலாந்துக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்து கேப்டன் கிரெக், தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர், ஆறரை அடி உயரம். முதல் டெஸ்டுக்கு முன்னால் பிபிசி பேட்டியில் பேசுகிறார். ஆஸ்திரேலியாவில் இவர்கள் 5-1 என்று தோற்றது ரொம்ப நாள் முன்பு அல்ல, இந்தியாவிடம் மூச்சு முட்டித்தான் தப்பினார்கள் என்கிறார். அது வரைக்கும் தப்பில்லை. நம் ஆட்கள் அந்த ஏப்ரலில்தான் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 403 ரன் இலக்கை 4 விக்கெட்டுக்கு 406 எடுத்து முடித்தார்கள். கவாஸ்கர், விஸ்வநாத் இருவரும் சதம். நம்ம வெங்கட்ராகவன் அந்த அணியில் இருந்தார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் மேற்கிந்தியக் கேப்டன் லாயிட் சுழலை ஓரம் கட்டிவிட்டு வேகப்பந்தையே நம்ப ஆரம்பித்தார். அது கிரெக் தலையில்தான் விடிந்தது.

பிறகு அவர் சொன்னார்: மேலே இருக்கும்போது இவர்கள் பிரமாதமான ஆட்டக்காரர்கள், கீழே போனால் க்ரொவல் பண்ணுவார்கள், க்ளோஸும் இன்னும் சிலரும் துணைக்கு இருக்க நான் இவர்களை க்ரொவல் பண்ண வைக்கப்போகிறேன்.

வெள்ளைத் தென்னாப்பிரிக்கக் குரலில், அடிமைகளின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து. அந்த மாதம்தான் தென்னாப்பிரிக்காவின் சொவெட்டோவில் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகளைப் போலீஸ் சுட்டது. இரண்டாவது டெஸ்ட் லார்ட்ஸில் தொடங்கியது அதற்கு மறுநாள்.

முதல் இரண்டு டெஸ்டும் டிரா. மான்செஸ்டரில் இங்கிலாந்து 71 ரன்னுக்குச் சுருண்டது. அதே ஆட்டத்தின் சனிக்கிழமை மாலை, 45 வயது பிரையன் க்ளோஸும் 39 வயது எட்ரிச்சும் ஹெல்மெட் இல்லாமல் நின்று உடம்பெல்லாம் அடி வாங்கினார்கள். மேற்கிந்தியரான ரிச்சர்ட்ஸ் நாலே டெஸ்டில் 829 ரன். ஓவலில் மட்டும் 291. வெயிலில் புல் எல்லாம் கருகி மைதானம் பழுப்பாகக் கிடந்தது, பிட்சில் உயிரே இல்லை. அதில் அவர்களுடைய வேகப்பந்து வீச்சாளர் ஹோல்டிங் 14 விக்கெட். கிரெக்கை இரண்டு இன்னிங்ஸிலும் ஸ்டம்பைப் பெயர்த்து அனுப்பினார். தொடர் 3-0.

அந்த ஓவல் டெஸ்டில்தான் கிரெக் மேற்கிந்திய ரசிகர்கள் உட்கார்ந்திருந்த பக்கமாகப் போய், கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்ந்தார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த ஆள் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்தது அப்போதுதான். ஹெடிங்லி டெஸ்டில் 116ம் 76ம் அடித்துப் போராடியவரும் அவர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

குறும்பன்

சீனியர் வந்துவிட்டார், இனி இழை ஐந்து நாள் ஓடும்.

மட்டுறுத்துநர்

கிரிக்கெட் சொல்லோடு ஒட்டியிருக்கும்வரை தொடரலாம். 1977 சென்னை டெஸ்டின் வாஸ்லின் சமாச்சாரத்துக்குத் தனி இழை இருக்கிறது. சீனியர் அங்கே ஏற்கெனவே எழுதியிருக்கிறார், கொஞ்சம் அல்ல.

கடலூர் பாஸ்கி

கிரெக்குக்காக ஒன்று பேசுகிறேன். 'திணறுவார்கள்' என்கிற அளவில்தான் சொல்லியிருப்பார். மூல வரலாறும் அதைத்தானே காட்டுகிறது? சொல்லில் இயல்பாக அவமானம் இல்லை, வெறும் குப்புறக் கிடப்பது. ஆட்டத்துக்கு முன்னால் எந்தக் கேப்டனும் சவடால் விடுவது சகஜம். ஒரு வார்த்தையை வைத்து ஐம்பது வருடமாக அடிக்கிறோம்.

சொல்லகழ்வான்

வேர்ச்சொல்லை இப்படிப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன் தம்பி. ஒரு சொல் இன்று என்ன செய்கிறது என்பதற்கு அதன் பிறப்பிடம் சாட்சி சொல்லாது. 'வில்லன்' முதலில் பண்ணையில் வேலை செய்த குடியானவன், அதற்காக இன்று ஒரு விவசாயியை வில்லன் என்று கூப்பிட முடியுமா? 'சில்லி' முதலில் பாக்கியவான். அதைச் சொல்லி ஒருவரைச் சமாதானப்படுத்திப் பாருங்கள். 1976இல் க்ரொவல் என்றால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஆ க்ரூஃபு யாருக்கும் தெரியாது.

செவ்வந்தி

இன்னொன்றும் இருக்கிறது பாஸ்கி. அவர் வாக்கியத்தில் காயப்படுத்தியது க்ரொவல் மட்டும் அல்ல. 'கீழே போனால் க்ரொவல் பண்ணுவார்கள்' என்பதோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் சொல்வது போலத் திணறுவார்கள் என்று எடுத்துக்கொள்ள இடம் உண்டு. அடுத்து 'பண்ண வைப்பேன்' என்றார். அங்கே கதை மாறிவிட்டது.

இந்தச் சொல்லின் பழைய இடங்களைத் திரும்பப் பாருங்கள். சாஸரின் விதவைகள் தாங்களாக விழுந்தார்கள். மடாதிபதி தானாக விழுந்தார். சாபம் வாங்கிய பாம்பைத் தவிர்த்தால், விழச் செய்கிற எஜமான் யாரும் அங்கே இல்லை. பாம்பின் இடத்தில் அந்த எஜமான் கடவுள். ஒருவன் நின்றுகொண்டு இன்னொருவனைக் குப்புறத் தள்ளுகிற காட்சியை அந்த 'வைப்பேன்'தான் கொண்டுவருகிறது. கரும்புத் தோட்டத்து வரலாறு உள்ள மக்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. அகராதியில் க்ரொவலுக்கு என்ன போட்டிருந்தாலும் சரி.

கடலூர் பாஸ்கி

'வைப்பேன்' பற்றி யோசிக்கவில்லை. ஆனாலும் ஆள் கெட்டவர் என்று நான் நம்பவில்லை.

சேப்பாக்கம் சீனியர்

நானும் நம்பவில்லை. ஆள் நல்லவரா என்பது வேறு, சொன்னது என்ன என்பது வேறு. சேப்பாக்கத்தில் அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தால் ஸ்டாண்ட் முழுக்க எழுந்து நிற்கும், பேட் செய்தது நமக்கு எதிராக என்பதே மறந்துபோகும். நிறுத்திக்கொள்கிறேன், மட்டுறுத்துநர் பார்க்கிறார்.

அண்ணாநகர் ஷீலா

இழை முழுக்கப் படித்தேன். தலைப்பை ஒட்டி ஒரு சந்தேகம். 'ஹம்பிள் பை' சாப்பிடுவது என்கிறார்களே, தோற்றதை ஒத்துக்கொண்டு தலை குனிவதற்கு. அந்த ஹம்பிளும் பணிவுள்ள ஹம்பிளும் ஒன்றா?

சொல்லகழ்வான்

இல்லை, இது இன்னும் நல்ல கதை. பணிவைக் குறிக்கும் ஹம்பிள் லத்தீன் 'ஹுமிலிஸ்' வழியாக வந்தது. தாழ்வானது, தரையோடு ஒட்டியது. அதன் அடியில் 'ஹூமுஸ்', மண். தோட்டம் போடுகிறவர்கள் மக்கிய மண்ணுக்குச் சொல்லும் ஹியூமஸ் அதேதான். ஆக, மணிமுத்தாறின் நண்பர் கிராவலை விட்டுவிட்டு ஹம்பிளைப் பிடித்திருந்தால் மண் விளக்கம் சரியாகப் போயிருக்கும்!

பையில் இருக்கும் ஹம்பிளோ மான் குடல். லத்தீனில் 'லும்புஸ்' என்றால் இடுப்புப் பகுதி. அதன் சிறு வடிவம் பிரெஞ்சில் 'நோம்ப்ல்' ஆகி, ஆங்கிலத்தில் 'நம்பிள்ஸ்' ஆனது. வேட்டையாடிய மானின் ஈரல், இதயம், குடல் எல்லாம் சேர்த்து. 'நம்பிள்'இன் முதல் ந உதிர்ந்து 'அம்பிள்'. அதை வைத்துச் செய்த பை 'அம்பிள் பை'. ஆங்கிலத்தில் பேச்சில் ஹ ஒலியை விழுங்கும் பழக்கம் இருந்ததால் ஹம்பிளும் அம்பிளும் காதுக்கு ஒன்றாகிவிட்டன. டிக்கன்ஸ் நாவலில் வரும் யூரியா ஹீப் தன்னைத் தானே 'அம்பிள்' என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொள்வது ஞாபகம் இருக்கலாம். யாரோ ஒருவர் சிலேடையாகச் சொல்லி, அது நிலைத்துவிட்டது.

சீனியருக்கு ஒரு துண்டு: அந்த ந உதிர்ந்த மாதிரியே உதிர்ந்த இன்னொரு சொல் 'அம்பயர்'. பழைய வடிவம் 'நூம்பர்', பிரெஞ்சு மூலத்தில் 'இணையில்லாதவர்'. இரண்டு பக்கத்துக்கும் இணை சேராத மூன்றாம் ஆள். 'அ நூம்பர்' என்பதை 'ஆன் ஊம்பர்' என்று தப்பாகப் பிரித்து ந போய்விட்டது. 'ஏப்ரன்' அப்படித்தான், முன்பு 'நாப்ரன்'.

சேப்பாக்கம் சீனியர்

நடுவருக்கே ஒரு எழுத்து அவுட் ஆகியிருக்கிறது என்றால், தவறாக எல்பி கொடுப்பதில் என்ன ஆச்சரியம்.

அண்ணாநகர் ஷீலா

'கௌடௌ'வும் இந்தக் கூட்டத்தில் சேருமா?

வடகடல்

பொருளில் சேரும், பிறப்பில் சேராது. அது சீனம். தலையைத் தரையில் முட்டுறது என்றே சொல்லுக்கு அர்த்தம். 1793இல் பிரிட்டிஷ் தூதர் மெக்கார்ட்னி, ச்சியன்லொங் பேரரசரைப் பார்க்கப் போனபோது மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை தலை முட்டச் சொன்னார்கள். அவர் மறுத்து, தன்ர அரசருக்குச் செய்கிற மாதிரி ஒரு முழங்காலை மட்டும் ஊன்றினார். 1816இல் ஆம்ஹர்ஸ்ட் என்ற அடுத்த தூதர் இதே பிரச்சினையில் பேரரசரைப் பார்க்காமலே திரும்பினார். சீன அவையில் அது முறை, மரியாதை, மகன் தகப்பனுக்கும் செய்கிறது. ஆங்கிலத்துக்குள் வந்ததும் கூழைக்கும்பிடு ஆகிவிட்டது. க்ரொவலுக்கு நடந்ததுதான், இந்த முறை நூறு வருசம்கூட எடுக்கவில்லை.

தமிழ்வேர்

கவிழ் விஷயத்தில் நான் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனால் ல ஒலி ஒட்டிலிருந்து வந்தது என்ற வாதத்துக்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. ஒரு கேள்வி, சண்டைக்காக அல்ல: 'ட்ரக்கில்' என்று ஒரு வினை படித்தேன், அடங்கிப்போவதற்கு. லாரியைச் சொல்லும் ட்ரக்கா அது?

சொல்லகழ்வான்

நல்ல கேள்வி ஐயா. லாரி இல்லை, கட்டில். லத்தீன் 'ட்ரோக்லியா', கிரேக்கத்திலிருந்து வந்தது, கப்பி என்று பொருள். அதிலிருந்து 'ட்ரக்கில்' என்றால் சின்னச் சக்கரம். பெரிய கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கிற மாதிரி, சக்கரம் வைத்த தாழ்ந்த கட்டிலுக்கு 'ட்ரக்கில் பெட்' என்று பெயர். எஜமான் மேலே, வேலைக்காரனோ மாணவனோ கீழே. கீழ்க்கட்டிலில் படுப்பது என்பதே 17ஆம் நூற்றாண்டில் ஒருவருக்கு அடங்கி இருப்பது என்று ஆகிவிட்டது. லாரிக்குச் சொல்லும் ட்ரக்குக்கும் அடியில் ஒரு சக்கரம் இருப்பதாகச் சொல்வார்கள், அதனால் தூரத்து உறவு இருக்கக்கூடும்.

தமிழ்வேர்

நன்றி. ட்ரோக்லியாவுக்கும் நம் கப்பிக்கும் என்ன தொடர்பு என்று தனி இழையில் கேட்கிறேன்.

குறும்பன்

மட்டுறுத்துநர், பூட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.